தாழ்ப்பாள் யார் பக்கம்

என் அக்காவின் கணவருக்கு ‘சேர்மன்’ என்று பட்டப்பெயர் வைத்தது நான் இல்லை. அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவர் அவருடைய சொந்தத் தம்பி. உண்மையில் அவர் எந்தச் சங்கத்துக்கும் தலைவராக இருந்ததில்லை. ஒரு கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் உதவி மேலாளராக இருந்து, அங்கே இருந்த எல்லோருடனும் சண்டை போட்டு, ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டவர். ஆனால் சாப்பாட்டு மேசையில் தண்ணீர் கேட்பதற்குக்கூடத் தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் தொடங்குவார். பேசி முடித்ததும் யாராவது கை தட்டுவார்கள் என்பதுபோல ஒரு நொடி காத்திருப்பார். நாங்கள் யாரும் தட்டியதில்லை. அவரும் காத்திருப்பதை விட்டதில்லை.

நேரில் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். நாக்கு அத்தான் என்று சொல்லும், மனசு வேறு ஏதாவது சொல்லும். இத்தனை வருடத்தில் இரண்டும் ஒருமுறைகூட மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டது என் சாமர்த்தியம்.

அவருக்குப் புது வீடு கட்டும் ஆசை வந்தது தம்பி வீட்டில். டைல்ஸ் வியாபாரம் செய்கிற தம்பி புது வீடு கட்டி எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தார். நாங்கள் ஹாலில் நுழைந்தபோது தம்பி மாடியில் இருந்தார். “வாங்கண்ணே, வாங்க வாங்க!” என்று கூப்பிட்டுக்கொண்டே, வளைந்து வளைந்து இறங்கும் படிக்கட்டில், கைப்பிடியை லேசாகத் தடவியபடி இறங்கி வந்தார். அந்த மனிதருக்கு எந்த உள்நோக்கமும் இல்லை. மேலே இருந்தார், விருந்தாளிகள் வந்தார்கள், இறங்கினார். ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தானின் முகத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வயிற்றெரிச்சல் என்பதைப் படமாக வரையச் சொன்னால் அதைத்தான் வரைவேன்.

மறு வாரமே அறிவிப்பு வந்தது. “நானும் ஒரு வீடு கட்டலாம்னு இருக்கேன்.”

‘நான்’ என்றால் யார்? அவர்கள் குடியிருந்த சின்ன வீடும், அதை ஒட்டிக் கிடந்த காலி மனையும் எங்கள் அம்மா அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது. கட்டுவதற்கான கடனும் அக்காவின் சம்பளத்தைக் காட்டித்தான் கிடைக்க வேண்டும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் பெண்டாட்டியுடையது. அத்தானுடையது ‘நான்’ என்ற ஒரு சொல் மட்டும்.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். ஒரு வாரம் பகல் டியூட்டி, ஒரு வாரம் இரவு டியூட்டி. நான் ஒரு கட்டட ஆபீஸில் பிளான் போடுகிறவள். அதனால் அத்தான் தன் யோசனையை முதலில் என்னிடம்தான் கொண்டுவந்தார். ஆலோசனை கேட்க அல்ல, “சும்மா நீட்டா வரைஞ்சு குடும்மா, ஐடியா எல்லாம் என்னுது” என்று சொல்ல.

கட்டம் போட்ட தாளில் ஸ்கேல் வைத்து வரைந்திருந்தார். பாதி தாளுக்கு ஹால். ஹாலுக்கு நடுவில் நத்தை ஓடு மாதிரி ஒரு படிக்கட்டு. படிக்கட்டின் மேல் ஒரு மனித உருவத்தையும் வரைந்திருந்தார், ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கை உயர்ந்து. யாரென்று கேட்கவில்லை. வீட்டுக்குள் நுழைய வாசல் இருந்தது. குளியலறைக்கு வாசல் இல்லை, சுவரைத் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டும். மாடியில் ‘என் ஆபீஸ்’ என்று ஓர் அறை. படிக்கட்டுக்கு அடியில் மிச்சமிருந்த முக்கோணத்தில் ‘கிச்சன் முதலியன’ என்று எழுதியிருந்தது.

அக்கா அந்த ‘முதலியன’வில் இருந்தாள்.

“அத்தான், கிச்சன் படிக்கட்டுக்குக் கீழ வருதே, உயரம் பத்தாது.”

“உக்காந்து சமைச்சா போச்சு.” சொல்லிவிட்டு, கைதட்டலுக்குக் காத்திருந்தார்.

நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். என் தொழிலில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். குழந்தை படிக்கிற அறையை விட நாய்க்கு நல்ல அறை கேட்டவர், மனைவியின் பீரோவுக்கு இடமில்லாமல் தன் செருப்புகளுக்கு அறை கேட்டவர். வீடு கட்டப் போகிற மனிதன் தன்னைப் பற்றிச் சொல்கிற பொய்யை எல்லாம் கேட்டுக்கொண்டே வரைவதுதான் வேலை. ஆனால் அவர்கள் யாரும் என் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இல்லையே.

அளவெடுக்க ஒரு காலையில் போனேன். அக்கா இரவு டியூட்டி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எங்கே என்று தேடினேன். படுக்கையறையில் அத்தான் கட்டிலில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும், சத்தத்தைக் குறைத்தால் காது கேட்காது, பகலில் வேறு இடத்தில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கும். இவ்வளவு நோய்களும் அக்கா தூங்க வரும் நேரம் பார்த்து வரும்.

பின்பக்கம், தண்ணீர் மோட்டார் இருக்கும் சின்ன அறையில் ஒரு மடக்குக் கட்டில். அதில் கதவுப் பக்கம் முதுகைக் காட்டி, முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாள். கட்டிலின் காலும் மோட்டாரும் ஒட்டிக்கொண்டு இருந்தன. நான் நிற்கும்போதே அத்தான் உள்ளே இருந்து மோட்டார் சுவிட்சைப் போட்டார். கட்டில் நடுங்கியது. அக்கா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, பக்கத்தில் தயாராக வைத்திருந்த மடித்த துணியைக் கட்டில் காலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் செருகினாள். அது எத்தனை நாள் பழக்கமாக இருந்தால் கை அவ்வளவு சரியாகப் போகும்!

நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் தெருவில் நின்றேன்.

அடுத்து மூன்று பிளான் வரைந்தேன். மூன்றிலும் அக்காவுக்குப் பின்பக்கம், தெருச் சத்தம் எட்டாத இடத்தில் ஓர் அறை. மூன்றையும் சாப்பாட்டு மேசையில் விரித்து, சோபா, கட்டில், பீரோ எல்லாவற்றையும் அதே அளவில் சின்னச் சின்ன அட்டைத் துண்டாக வெட்டி வைத்தேன். வீட்டுக்காரர்களே நகர்த்திப் பார்த்தால் இடம் புரியும். அத்தான் கட்டில்களை எல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு சோபாக்களை மட்டும் எடுத்து ஹாலை நிரப்பினார்.

“இத்தனை சோபாவுல யாரு அத்தான் உக்காருவா?”

“நாலு பேர் வருவாங்க, போவாங்க.”

யார் வருவார்கள்? பழைய ஆபீஸில் இவருடன் பேசுகிறவர்கள் யாருமில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு மரக்கிளைத் தகராறு, எதிர்வீட்டோடு வண்டி நிறுத்துகிற தகராறு. வெளியூரில் வேலை பார்க்கும் மகள்கூட அம்மாவுக்குத்தான் போன் செய்வாள், அதுவும் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிற நேரம் பார்த்து. வாசல் மணி அடித்தால் அது கேஸ் சிலிண்டர்காரர்தான்.

அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள். ஈரக் கையைத் துடைத்தபடி மேசைக்கு வந்து, ஒரு கட்டில் துண்டை எடுத்துப் பின்பக்க அறையில் வைத்தாள்.

“எனக்கு இந்த ரூம் மட்டும் இருந்தா போதுங்க. கதவு போட்டு. நைட் டியூட்டி முடிச்சு வந்தா தூங்கலாம்.”

அத்தான் சிரித்தார். “நீ என்ன காலேஜ் பொண்ணா, தனி ரூம் கேக்குற? புருஷன் பொண்டாட்டிக்குள்ள எதுக்குக் கதவு?”

அக்கா அந்தத் துண்டைத் திரும்ப எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மூன்று பிளானிலும் அத்தான் சிவப்புப் பேனாவால் படிக்கட்டைப் போட்டார். அவர் படிக்கட்டைக் கொஞ்சம் பெரிதாக்க, சமையலறை கொஞ்சம் சின்னதானது. மறுபடி பெரிதாக்க, மறுபடி சின்னதானது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். கடைசியில், “உனக்கு விஷன் பத்தலைம்மா” என்று சொல்லி என்னை வேலையிலிருந்து நீக்கினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு ஆடவும் தெரியாது, கூடத்தையும் இவரேதான் கோணலாக்கினார்.

எங்கோ ஒரு கன்சல்டன்டைப் பிடித்தார். அவர் வீட்டை வீடியோவாகவே செய்து கொடுத்தார். பளபளவென்று தரை. மேலிருந்து தொங்குகிற கண்ணாடி விளக்கு. கோட்டு போட்ட ஒருவன் படிக்கட்டில் இறங்கி வருகிறான். ஹை ஹீல்ஸ் போட்ட ஒருத்தி சோபாவில் உட்கார்ந்து ஒரு கோப்பையைப் பார்த்துப் புன்னகை செய்கிறாள். அத்தான் அதைப் போனில் வைத்துக்கொண்டு கேஸ் சிலிண்டர்காரருக்குக்கூடக் காட்டினார். அந்தப் பொம்மைப் பெண்ணுக்கு வேலை இல்லை, தூக்கமும் இல்லை. அவளுக்கு அந்த வீடு பொருத்தம்தான்.

கட்டட அனுமதிக்கு மனு கொடுப்பதற்கு முன்பு, காலி மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, வீட்டின் முழு அளவையும் தரையிலேயே காட்டுவது வழக்கம். வீட்டுக்காரர் நடந்து பார்த்துக்கொள்ள ஒரு மேஸ்திரி போட்டுக் கொடுத்தால் போதும். அத்தான் அதற்கு விழா எடுத்தார். தம்பி குடும்பத்தை அழைத்தார், தம்பியின் வியாபார நண்பர்களையும் அழைத்துவரச் சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்கு எடுத்து, ‘ஹாலுக்குள்’ வரிசையாகப் போட்டார். என்னையும் கூப்பிட்டார். நான் வந்து தோற்க வேண்டும் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. எல்லோரும் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில், படிக்கட்டு வளைய வேண்டிய இடத்தில் ஓர் உயரமான ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றார். உயரம் தெரிய வேண்டுமாம்.

“இப்ப நான் மேல இருக்கேன். நீங்க உள்ள வர்றீங்க. வாங்க, வாங்கன்னு சொல்லிக்கிட்டே நான் இறங்குறேன்...”

சொல்லிவிட்டு இறங்கப் பார்த்தார். ஸ்டூல் ஆடியது. மேஸ்திரி ஓடிவந்து பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அத்தான் இறங்கவில்லை, அங்கேயே நின்று பேசினார். மேஸ்திரி பாவம், விட்டால் விழுந்துவிடுவாரென்று பிடித்துக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். இரவு டியூட்டி முடிந்து நேராக வருகிறாள். ஆஸ்பத்திரிக் கோட்டு, தோளில் பை, கண்ணுக்குக் கீழே கருவளையம். தெருப்பக்கம் கோட்டில் வாசலுக்காக விட்டிருந்த இடைவெளி வழியாகச் சரியாக உள்ளே வந்தாள். ஹாலைத் தாண்டி, ஸ்டூலைத் தாண்டி, அந்த முக்கோணத்துக்குள் போய் நின்றாள். அவள் கையை விரித்தால் இரண்டு பக்கமும் கோட்டைத் தாண்டும்.

“இதானா கிச்சன்?” என்று என்னைக் கேட்டாள்.

“ஆமாக்கா.”

“தலை இடிக்குமா?”

“அடுப்புக்கிட்ட இடிக்கும்.”

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு ஸ்டூலில் நின்றவரை நிமிர்ந்து பார்த்து, எல்லோர் முன்னாலும், சாதாரணமாகத்தான் கேட்டாள்: “நான் எங்கங்க தூங்குறது?”

அத்தானுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. தொண்டையைக் கனைத்தார். “பாத்தீங்களா? நாலு பேர் அண்ணாந்து பாக்குற வீடு கட்டுறேன், இவ தூங்க இடம் கேக்குறா! தூங்குறதுக்குன்னு யாராவது வீடு கட்டுவாங்களா?”

இந்த முறை சிலர் சிரித்தார்கள். அவர் வாழ்நாளில் ஒரு கூட்டம் அவருக்காகச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். முகம் அப்படி மலர்ந்தது.

அக்கா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பழைய வீட்டுக்குள் போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்து நான் எழுந்தேன். அதற்குள் திரும்பி வந்துவிட்டாள். கையில் ஒரு பாய், தலையணை, போர்வை. மறுபடியும் வாசல் வழியாகத்தான் வந்தாள். ஹாலின் நட்டநடுவில், நாற்காலிகளுக்கு முன்னால், பாயை விரித்தாள். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

“எனக்கு நைட் டியூட்டிங்க. நீங்க பேசிட்டு இருங்க” என்று விருந்தாளிகளிடம் சொல்லிவிட்டு, படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

நடிக்கவில்லை. கொஞ்ச நேரத்திலேயே தூங்கிவிட்டாள். மூச்சு சீராக வந்தது. மோட்டார் பக்கத்திலேயே தூங்கிப் பழகியவளுக்கு இந்த மைதானம் எவ்வளவோ மேல்.

அத்தான்தான் பேச்சைத் தொடர்ந்தார். “அதாவது, இந்தப் பக்கம் வி.ஐ.பி. சோபா...”

“அண்ணே, மெதுவா. அண்ணி தூங்குறாங்க” என்றார் தம்பி.

“தூங்கட்டுமே. நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

வியாபார நண்பர் ஒருவர் உதட்டில் விரலை வைத்து, “உஷ்” என்றார். அவருக்கு அத்தானைத் தெரியாது. தூங்குகிற மனுஷி பக்கத்தில் கத்தக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

தம்பி மனைவியை நான் ஒருநாளும் மதித்ததில்லை. வளையலைக் குலுக்கிக் குலுக்கிப் பேசுகிறவள் என்று ஒதுக்கியே வைத்திருந்தேன். அவள் எழுந்து போய் காரிலிருந்து குடையை எடுத்துவந்து, அக்காவின் முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வளையல் சத்தம் கேட்கக் கூடாதென்று அதை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவளைப் பற்றி நான் எதுவும் பேசுவதில்லை.

ஒவ்வொருவராக, நாற்காலி கிறீச்சிடாமல் எழுந்து, கையால் ஜாடை காட்டி விடைபெற்றுப் போனார்கள். மேஸ்திரிக்குக் கை வலித்திருக்க வேண்டும். “சார், இறங்கிடுங்க” என்றார். சேர்மன் இறங்கினார். வாங்க வாங்க என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா என்னை ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு வரச் சொன்னாள். நான் ஒரு பெரிய சண்டைக்குத் தயாராகப் போனேன். வக்கீல் தோழி ஒருத்தியின் நம்பரைக்கூட எடுத்து வைத்திருந்தேன். அக்கா டீயை ஆற்றிக்கொண்டே, “ஒரு பிளான் போடணும்டி” என்றாள்.

“சொல்லு.”

“வீட்டை ரெண்டாப் பிரி. நடுவுல முழுச் சுவர். ரெண்டு பக்கமும் தனித்தனி வாசல். அவர் பக்கம் ஹால், அந்தப் படிக்கட்டு, மாடில அவர் ஆபீஸ், எல்லாம் அவர் கேட்ட மாதிரியே போடு. ஒரு சின்ன அடுப்பும் வை. என் பக்கம் நல்ல கிச்சன், தெருவைப் பாத்து ஜன்னல். பின்னாடி என் ரூம். நடுச்சுவர்ல ஒரே ஒரு கதவு.”

“தாழ்ப்பாள்?”

“என் பக்கம்.”

எனக்குக் கோபம் வந்தது. “அந்த ஆளுக்கு எதுக்குக்கா படிக்கட்டு? இடம் உன் பேர்ல. மனுவுல நீ கையெழுத்துப் போட்டாதான் ஒரு கல்லு நகரும். வெளிய போன்னு சொல்லு.”

“எங்க போவார்? தம்பி வீட்டுக்கா? ஒரு வாரம் தாங்குவாங்களா? அப்புறம் நாந்தான் போய்க் கூட்டிட்டு வரணும்.” ஒரு வாய் டீ குடித்தாள். “நீ அவரத் திட்டுறதுல உனக்கு ஒரு சந்தோஷம் இருக்குடி. நான் தப்புன்னு சொல்லல. ஆனா எனக்கு அவ்வளவுகூட அவர் மேல நேரம் செலவு பண்ண முடியாது. எனக்குத் தூங்கணும்.”

என் வெறுப்பு எவ்வளவு சூடானது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளுடையது ஆறிப்போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் என்னுடையது சின்னப் பிள்ளையின் அடம் மாதிரி இருந்தது.

பிளானை வரைந்து கொண்டுபோனேன். அதே சாப்பாட்டு மேசை. அக்காதான் பேசினாள். “இதுக்குத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். வேற எதுக்கும் போட மாட்டேன்.”

அத்தான் தாளைப் பார்த்தார். எழுந்தார். கத்தினார். குடும்ப மானம், ஊர் என்ன சொல்லும், உன் தங்கச்சி சொல்லிக் குடுத்தாளா, எல்லாம் வந்தது. அக்கா எருமை மேல் மழை பெய்தது மாதிரி உட்கார்ந்திருந்தாள். “இனிமே இந்த வீட்ல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்” என்று அறைக்குள் போய்விட்டார். சாயங்காலம் டீ வாசனைக்கு அந்தச் சபதம் வெளியே வந்தது. கோப்பையை எடுத்துக்கொண்டு, மேசையில் கிடந்த பிளானை மறுபடி பார்த்தார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மேசையின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. இத்தனை வருட வாழ்க்கையை ஒரு சுவரால் பிரித்துத் தாளில் வைத்திருக்கிறாள். எந்த மனிதனும் ஒன்று கேட்பான். ஏன் இப்படிச் செய்தாய் என்று, நான் என்ன செய்தேன் என்று, குறைந்தபட்சம் அந்தக் கதவையாவது திறந்து வைப்பாயா என்று. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ. கேட்டிருந்தால்தானே?

அத்தானின் விரல் சுவரைத் தாண்டியது, கதவைத் தாண்டியது, படிக்கட்டில் போய் நின்றது.

“ஸ்டேர்கேஸ் முழுசா வருதுல்ல?”

“வருது அத்தான்.”

“கைப்பிடி மரத்துல வேண்டாம். தம்பி வீட்ல மரம். நமக்குப் பித்தளைல போட்டுடு.”

அவ்வளவுதான். அதன் பிறகு அரை மணி நேரம் கைப்பிடியைப் பற்றியே பேசினார். அதைப் பாலிஷ் போடுவது எப்படி, முனையில் உருண்டை வேண்டுமா, சிங்க முகம் வேண்டுமா என்று. அந்தக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை.

அக்கா காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். நான் பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு, ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

“சிங்க முகமாம்டி” என்றாள். பிறகு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் கேட்டதில்லை. இத்தனை நாள் எதற்குப் பயந்தோம் என்று கேட்கிற சிரிப்பு. மூக்கைத் துடைத்துக்கொண்டு, “என் ரூம் ஜன்னலுக்குக் கனமான திரை போடணும், வெளிச்சமே வரக் கூடாது, எழுதிக்கோ” என்றாள்.

வீடு எழும்பியது. அத்தான் கட்டட வேலை நடந்த காலமெல்லாம் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொத்தனார்களுக்கு உரையாற்றினார். இப்போது அவர் பக்கத்தில் பளபளவென்று ஹால், பித்தளைக் கைப்பிடி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்கள். தம்பி குடும்பம் ஒருமுறை வந்தது. அத்தான் மேலே போய்த் தயாராக நின்றார். அவர்கள் மணி அடித்தது அக்காவின் வாசலில். அங்கேயே உட்கார்ந்து பேசிவிட்டு, போகிற வழியில் அவருக்கு ஒரு வணக்கம் சொன்னார்கள்.

கேட்கிறவர்களிடம் எல்லாம், “ரெண்டு யூனிட்டாப் பிரிச்சது என் ஐடியா. வெளிநாட்ல இப்ப இதான் ட்ரெண்ட்” என்கிறார். அக்கா மறுப்பதில்லை. சில நாள் அவரை மேசைக்குக் கூப்பிடுகிறாள், சில நாள் தட்டில் வைத்துக் கொடுத்துவிடுகிறாள், டியூட்டி நாட்களில் அவரே ஏதோ கிண்டிக்கொள்கிறார். டீ போடக் கற்றுக்கொண்டார். ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்தபோது அக்கா கதவைத் திறந்து வைத்து, மருந்தும் கஞ்சியும் கொடுத்தாள். குணமானதும் சாத்திக்கொண்டாள். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை கிடையாது. நான் என்றால் காய்ச்சலுக்கும் ‘விஷன் பத்தலை’ என்று சொல்லியிருப்பேன்.

போன மாதம் அக்காவுடன் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி என் ஆபீஸுக்கு வந்தாள். வீட்டை இடித்துக் கட்டப் போகிறாளாம்.

“உங்க அக்கா வீட்டைப் பாத்தேன். அதே மாதிரி ஒரு பிளான் வேணும்” என்றாள்.

“உங்க வீட்டுக்காரரையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன். அவர் என்ன நினைக்கிறார்னு கேட்டுக்கலாம்.”

அவள் கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். “அவருக்கு மொட்டை மாடில கொடிக்கம்பம் நட இடம் இருந்தா போதும்” என்றாள். நான் புதுத் தாளை எடுத்து விரித்து, எங்கே தூங்குவீர்கள் என்று கேட்டேன்.